கந்தையேவ்னா புறப்படுகிறாள்

நோர்வேயின் வடகோடியிலுள்ள வார்டோ நூலகத்துச் சுவரில் ஒரு பெரிய உலகப் படம் தொங்கியது. அவரவர் மொழி எங்கெல்லாம் பேசப்படுகிறதோ அங்கெல்லாம் ஊசி குத்தும்படி நூலகப் பெண் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரஷ்யக்காரி ரயீசா சிவப்புத் தலை ஊசிகளை எடுத்து, படத்தின் மேல் பாதி முழுவதும் கோட்டுக்குப் பொத்தான் தைப்பது போலக் குத்திக்கொண்டே போனாள். பிறகு கசக்ஸ்தான், கிர்கிஸ்தான் என்று கீழே இறங்கி, லாத்வியாவில் இரண்டு, இஸ்ரேலில் இரண்டு, நியூயோர்க் கடற்கரையில் ஒன்று என்று குத்தி முடித்தபோது டப்பா காலி.

தவமணிக்கு மஞ்சள் ஊசி. யாழ்ப்பாணம், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர், டர்பன், பாரிஸ், ரொறன்ரோ.

“உங்கட ஆக்கள் நல்ல கெட்டிக்காரர்,” என்றாள் ரயீசா. “நிலமெல்லாம் ஆருக்கு வேணும் எண்டு விட்டுட்டு, துறைமுகமாப் பாத்துப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்.”

“நீங்கள் முழுப் போர்வையையும் இழுத்துப் போத்திக்கொண்டு படுத்தால் நாங்கள் கரையிலதானே அக்கா கிடக்க வேணும்?”

கடைசியாக இருவரும் ஒரே நேரத்தில் வார்டோவில் குத்தினார்கள். படத்தில் அது கடுகளவு தீவு. இரண்டு ஊசி தாங்காமல் கடதாசி கிழிந்து, தீவு கடலுக்குள் மடங்கிப்போனது. நூலகப் பெண் ஒட்டுத்தாள் போட்டு அதை மீட்டெடுத்தாள்.

அது போன வருடம். இந்த மாசித் தொடக்கத்தில் தவமணி நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அந்தப் பெண் மிக மரியாதையாகக் கேட்டாள்: “நீங்கள் போன பிறகு இந்த மஞ்சள் ஊசியை எடுத்துவிடலாமா?”

“ஓம், எடுங்கோ,” என்று சொல்லிவிட்டு வந்தாள் தவமணி. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது ஓம்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காற்று முகத்தில் அறைந்தது. அந்த ஊரில் காற்று அறையாத நாளில்தான் ஆட்கள் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எரிந்தது முகம் அல்ல.

அவளும் கணவர் சிவபாலனும் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று இங்கே வந்த காலத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் வளர வளர ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே இறங்கியது. சிவபாலன் இங்கேயே செத்துப்போனார். மகன் பிரதீபன் ட்ரொண்ட்ஹைமில் வீடு வாங்கி, கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கினான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வந்துவிடுங்கோ அம்மா என்றான். ஓம் என்றாள். நகரசபையின் வாடகை வீட்டை விடுவதாக அவர்களுக்கு எழுதிக் கொடுங்கோ என்றான். ஓம். வியாழக்கிழமைக் கப்பலில் இடம் போட்டுவிட்டேன் என்றான். அதற்கும் ஓம்.

அன்பாக எடுத்த முடிவு. அதுதான் கஷ்டம். மகன் ஒரு அதட்டல் போட்டிருந்தால் அவளுக்கு ஒரு கோபமாவது வந்திருக்கும்.

ரயீசா ஒரு தடவைகூடப் போகாதே என்று சொல்லவில்லை. மூர்மன்ஸ்கிலிருந்து வந்தவள், தொழிற்சாலையில் இருபது வருடமாக மீன் ஓடும் பட்டிக்கு மறுபக்கத்தில் நின்று கொட் மீனின் முள் எடுத்தவள். இருவருக்கும் பொதுவாக இருந்தது இயந்திர இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திக் கற்ற நோர்வேஜிய மொழி. அதில் பாதி ரஷ்யம், கால்வாசி தமிழ், மிச்சம் கை. ஆனாலும் தவமணியின் காதுக்குள் ரயீசா எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைத்தாள். பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால்தான் ரஷ்யர்களுக்கு மரியாதை. தகப்பன் பெயர் என்ன என்று ரயீசா முதல் வாரமே கேட்டாள். கந்தையா என்றாள் தவமணி. அன்றிலிருந்து அவள் தவமணி கந்தையேவ்னா, அதாவது கந்தையாவின் மகள். அவசரத்துக்கு வெறும் கந்தையேவ்னா. இணுவிலில் சுருட்டுச் சுற்றிய கந்தையாவுக்கு இப்படியொரு மகள் இருப்பது தெரிந்திருந்தால் மனுசன் சிரித்தே இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார்.

*

வியாழக்கிழமை மதியம் வீடு வெறுமையாக இருந்தது. சோபாவும் திரைச்சீலையும் கண்ணாடியும் ஏற்கெனவே ரயீசா வீட்டுக்குப் போயிருந்தன. மிச்சம் மூன்று பெட்டி. ஒட்வார் தன் வாடகைக் காரைக் கீழே நிறுத்திவிட்டு ஹோர்ன் அடித்தான்.

“இரு,” என்றாள் ரயீசா. “பயணத்துக்கு முதல் இருக்க வேணும்.”

இருவரும் ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தார்கள். புறப்படும் முன் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்து எழுவது ரஷ்யர்களின் வழக்கம். தவமணிக்கு அது பிடிக்கும். வீட்டுக் குறளி யாரும் போகவில்லை என்று ஏமாந்து பின்னால் வராதாம். ஏமாற்றுவதற்குக் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்பது நல்ல ஏற்பாடு. அவள் சுவரில் சோபா உரசின அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகாமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு, கதவைத் தட்டாமல் உள்ளே வரும் பக்கத்து வீட்டுக்காரி போல வந்து நின்றது.

ரயீசா தும்மினாள். ஒரேயொரு தும்மல்.

“ஐயோ அக்கா, ஒத்தைத் தும்மல்!”

“தடுமன் எனக்கு.”

“வெளிக்கிடேக்குள்ள ஒத்தைத் தும்மல் ஆகாது. இன்னொண்டு தும்முங்கோ.”

“கேட்டவுடனே தும்ம நான் என்ன மூக்குப்பொடிக் கடையே? எங்கட ஆக்களுக்குத் தும்மல் நல்லது. ஆராவது ஒண்டை நினைக்கேக்க பக்கத்தில தும்மினால் நினைச்சது மெய் எண்டு அர்த்தம்.” ரயீசா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூர்ந்து பார்த்தாள். “நீ என்ன நினைச்சனி?”

“ஒண்டுமில்லை. கோழி இறைச்சி.”

“கோழி இறைச்சி மெய்தான்,” என்றாள் ரயீசா.

தும்மலின் தோஷம் போகத் தவமணி தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இருவரும் எழுந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். இரண்டாவது மாடி வரை வந்ததும் தவமணி நின்றாள். மருந்துப் பை மேலே சமையலறை மேடையில்.

“திரும்பிப் போறியோ? அப்ப எங்கட முறைப்படி கண்ணாடி பாக்க வேணும்,” என்றாள் ரயீசா.

“நீங்கள்தானே கண்ணாடியைக் கொண்டுபோனது?”

“யன்னலில பார். பாத்து நாக்கை நீட்டு. நீட்டாமல் வராதை, நான் கீழ நிண்டு விசாரிப்பன்.”

தவமணி மேலே போனாள். மருந்துப் பையை எடுத்தாள். திரைச்சீலையில்லாத யன்னலில் அறுபத்திரண்டு வயது முகம் ஒன்று, கம்பளித் தொப்பியோடு, பின்னால் துறைமுகமும் மஞ்சளாக ஒரு துண்டு வெயிலுமாகத் தெரிந்தது. நாக்கை நீட்டினாள். அந்த முகமும் நீட்டியது. யாரும் சொல்லாமல் தானாகச் செய்தது போல அது கொஞ்சம் அதிகமாகவே நீட்டியது என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு தடவை நீட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் இவ்வளவு காலமாக இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், இவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு தன் ஆட்களின் முறைக்காக ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டு இறங்கினாள். கீழே ஹோர்ன் மறுபடி கேட்டது.

கடைசிப் படிக்கட்டில் கீழ்வீட்டுப் பெரித் எதிரே வந்தாள். வாசலையும் படியையும் கழுவி முடித்துவிட்டு, வெறும் வாளியை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிவந்தாள்.

“ஐயையோ!” என்றாள் தவமணி.

அதே மூச்சில் ரயீசா ரஷ்ய மொழியில் எதையோ சொல்லிப் பெட்டியைக் கீழே போட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“உங்களுக்கும் வெறும் வாளி ஆகாதோ?” என்றாள் தவமணி.

“ஆகாதோவோ? எங்கட அம்மா அதுக்காக ரயிலையே விட்டவ!”

“எங்கட ஊரில வெறுங்குடம். நிறைகுடம் வந்தால் நல்லது.”

“எங்களுக்கும் நிறை வாளி நல்லது!”

இருபது வருடம் இது தெரியாமல் போய்விட்டதே என்று இரண்டு பேரும் படியில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெரித் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். எலி கிலி இருக்கிறதோ என்று நினைத்திருக்க வேண்டும்.

“என்ன நடந்தது?”

“பெரித், நல்ல பிள்ளை எல்லே,” என்றாள் தவமணி. “வாளியில தண்ணி நிரப்பிக்கொண்டு இன்னொருக்கா எதிர வா.”

“நான் இப்பதான் படி கழுவி முடிச்சன்.”

“கழுவ வேண்டாம். தூக்கிக்கொண்டு வந்தால் காணும்.”

“ஊத்தவும் வேண்டாமோ?”

“ஊத்தாதை! ஊத்தினால் திரும்ப வெறும் வாளி ஆகீடும்,” என்று ரயீசா பதறினாள்.

பெரித் நாற்பது வருடம் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவள். காரணம் கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. இருந்தாலும் அன்றைக்கு ஊரைவிட்டுப் போகிறவள் கேட்கிறாளே என்று தன் வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது. இருவரும் படிக்கட்டின் மேலே போய் மறுபடி இறங்குவதற்குத் தயாராக நின்றார்கள். பெரித் நிறைந்த வாளியோடு கல்யாண ஊர்வலத்தில் வருகிறவள் போல நிமிர்ந்து எதிரே வந்தாள். கொஞ்சம் தண்ணீர் சிந்தியது.

“காணுமோ?”

“நூறு வருசத்துக்கு இருப்பாய்,” என்றாள் தவமணி.

அதோடு புறப்பட்டிருக்க வேண்டும். எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது. தவமணி பெட்டியின் பிடியைத் தூக்கினாள். அப்போது ரயீசா தொண்டையைச் செருமினாள்.

“படி ஈரமா இருக்கு.”

“அதுக்கென்ன?”

“ஈரப் படியில பெட்டி இறங்கினால், பெட்டியில கிடக்கிற உடுப்பெல்லாம் வேற ஆரோ போடுவினமாம். காயட்டும்.”

தவமணி அவளைப் பார்த்தாள். ரயீசாவின் சகுனங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குள் விசிலடித்தால் காசு போகும். வாசற்படிக்கு மேலால் கை கொடுக்கக் கூடாது. மேசை மூலையில் இருந்தால் கல்யாணம் நடக்காது. ரயீசாவே தெரிந்துகொண்டு மூலையில் போய் இருப்பாள், இரண்டாவது புருசனுக்குப் பிறகு. ஆனால் ஈரப் படியையும் பெட்டியையும் பற்றி இருபது வருடத்தில் ஒரு சொல் கேட்டதில்லை. ரயீசா சுவரில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

பொய் சொல்லுகிறாள் என்று தவமணிக்கு விளங்கியது. விளங்கியதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வரும் போலிருந்தது.

“காயட்டும்,” என்றாள்.

படியில் உட்கார்ந்தார்கள். ஒட்வார் வாசற்கதவைத் திறந்து தலையை நீட்டினான். “என்ன தவா, கப்பலுக்கு நீங்கள் காத்திருக்கிறியளோ, கப்பல் உங்களுக்கோ?”

“படி காயுது,” என்றாள் ரயீசா.

“வார்டோவில மாசியில படி காயிறதெண்டால் சித்திரை வரும்.”

“கொஞ்சம் பொறு. இண்டைக்கு என்ன கிழமை?” என்று தவமணி திடீரென்று கேட்டாள்.

“வியாழன்.”

“வியாழனோ! வியாழக்கிழமை தெற்குச் சூலம் அக்கா. தெற்கால பயணம் போகப்படாது.”

இது மெய்யான சகுனம். யாழ்ப்பாணத்தில் அவள் அம்மா இது பார்க்காமல் வாசல் தாண்டியதில்லை. ட்ரொண்ட்ஹைம் தெற்கேதான் இருக்கிறது. வார்டோவிலிருந்து பார்த்தால் உலகமே தெற்கேதான் இருக்கிறது.

“கடவுளே,” என்றாள் ரயீசா. கண்ணில் ஒரு வெளிச்சம். “அதுக்குப் பரிகாரம் ஒண்டும் இல்லையோ?”

பரிகாரம் இருந்தது. வியாழனுக்குத் தைலம். உச்சந்தலையில் இரண்டு சொட்டு எண்ணெய் வைத்துக்கொண்டு அம்மா சந்தோசமாகத் தெற்கே போய்வருவா. எண்ணெய்ப் போத்தல் அவள் கைப்பைக்குள்ளேயே, மருந்துப் பைக்குப் பக்கத்தில் இருந்தது. தவமணி கைப்பையின் வாரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

“ஒண்டும் இல்லை அக்கா,” என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. வாழ்க்கையில் ஓம் என்ற சொல்லால் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். இல்லை என்ற சொல்லால் சொன்னது இதுதான் முதல்.

ஒட்வார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விமானநிலையத்துக்கு வேறு ஒருவரைக் கொண்டுபோக வேண்டும், முடிந்தால் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கார் மூலை திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து நீளமாக ஒரு ஊதல்.

இருவரும் அசையவில்லை.

“கப்பல்,” என்றாள் ரயீசா மெதுவாக.

“போயிட்டுது,” என்றாள் தவமணி.

“பாவம் நீ.”

“என்ன செய்யிறது அக்கா. விதி.”

“பெரிய கவலைதான்.”

“பெரிய கவலை.”

பிறகு ரயீசாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. தவமணி வாயைத் தொப்பியால் பொத்தினாள். இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் படியில் இருந்து, கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பெரித் கதவை ஒரு விரல் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள். ரயீசா கோட்டுப் பைக்குள்ளிருந்து தேநீர்க் குடுவையை எடுத்தாள். வழியனுப்ப வந்தவள் எதற்குத் தேநீர் கொண்டுவந்தாள் என்று தவமணி கேட்கவில்லை. மூடியில் ஊற்றி இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள். எலுமிச்சைத் துண்டு மூக்கில் இடித்தது. இவ்வளவு இனிப்பான தேநீரை அவள் குடித்ததேயில்லை போலிருந்தது. மகனிடம் சொல்லிவிடலாம்: கப்பல் போய்விட்டது தம்பி, நான் என்ன செய்ய. பிறகு அடுத்த கிழமை பார்க்கலாம். அடுத்த கிழமைக்கு ஒரு பூனை கிடைக்காமலா போகும்.

கைத்தொலைபேசி அடித்தது. ஒட்வார்.

“தவா, உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்! ஊதினது மீன்பிடிக் கப்பல். உங்கட கப்பல் முந்தின துறைமுகம் கிர்கெனெஸில காத்தில மாட்டுப்பட்டு இப்பதான் வெளிக்கிட்டிருக்காம். நிறைய நேரம் கிடக்கு. நான் இந்த ஆளை இறக்கிப்போட்டு நேர வாறன், சரியோ?”

“ஓம்,” என்றாள் தவமணி, பழக்கத்தில்.

தொலைபேசியை மடியில் வைத்தாள். ரயீசா மூடியைத் திருகிக் குடுவையை மூடினாள். திருகி முடித்த பிறகும் திருகினாள்.

“அப்ப,” என்றாள். “நல்லதாப் போச்சு.”

தவமணி தொப்பியை மறுபடி தலையில் போட்டாள்.

“வேற ஏதாவது கிடக்கோ உங்கட ஆக்களிட்ட?” என்று ரயீசா கீழே பார்த்தபடியே கேட்டாள். “பல்லி கில்லி?”

“இந்தக் குளிருக்குப் பல்லி எங்க அக்கா?”

“எனக்கும் முடிஞ்சுது. ஈரப் படிக்கே நான் பட்ட பாடு.”

படி உண்மையில் காய்ந்துவிட்டிருந்தது. தவமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குச் சாதகம் பொருந்தியது என்றார்கள், சரி என்றாள். சிவபாலன் இரண்டு பயணச்சீட்டோடு வந்து நின்றார், சரி என்றாள். அவர் போனபோதுகூட யாரோ காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் போடப் போனாள். எதிலும் அவள் கை பட்டதில்லை. பட்டால் பிழை தன்னுடையதாகிவிடும் என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. இன்றைக்கும் தும்மலையும் வாளியையும் சூலத்தையும் முன்னால் விட்டு, அவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். இப்போது எல்லாம் விலகிவிட்டன. சகுனம் நல்ல சகுனம். காற்றுகூட அவளுக்காகக் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்னால் ஒருவருமில்லை.

அவள் மகனின் எண்ணை அழுத்தினாள்.

“ஏறியாச்சோ அம்மா?”

“இல்லை.”

“கப்பல் வரேல்லையோ?”

“வரப்போகுது.”

“பிறகென்ன? உடம்புக்கு ஏதும் ஏலாதோ?”

“நான் நல்லா இருக்கிறன் தம்பி.”

ரயீசா முழங்கையால் இடித்து, “தும்மலைச் சொல்லு, தும்மலைச் சொல்லு,” என்று கிசுகிசுத்தாள். தவமணி அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

“எனக்கு வர விருப்பமில்லை,” என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கக் கேட்டது. “எனக்கு இங்க இருக்கத்தான் விருப்பம்.”

மறுபக்கத்தில் எங்கோ தூரத்தில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிப்பது மட்டும் கேட்டது.

“அங்க ஆர் அம்மா இருக்கினம்?”

“ஆக்கள் இருக்கினம்.”

“தமிழ் ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.”

“நான் இருக்கிறன்தானே.”

 தவமணி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். இப்போது ஒரு ஓம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நன்றாகத் தெரிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து, வழக்கம்போலக் கதவு திறக்கும் என்று நின்றது. அவள் திறக்கவில்லை.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா,” என்றான் பிரதீபன். கோபமா, கவலையா என்று பிரிக்க முடியாத குரல். “அறைக்குப் பெயின்ற் எல்லாம் அடிச்சு முடிச்சிட்டம்.”

“என்ன நிறம்?”

“இளம் பச்சை.”

“வடிவா இருக்கும். கோடையில வந்து படுத்துப் பாக்கிறன்.”

“நான் பிறகு எடுக்கிறன் அம்மா,” என்று அவன் வைத்துவிட்டான். பிறகு எடுப்பான். அப்போது கொஞ்சம் கத்துவான். அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், மனம் மாறாமல்.

ரயீசாவுக்குத் தமிழில் தெரிந்தது பத்துப் பதினைந்து சொல். ஆனால் இல்லை என்ற சொல் அதில் ஒன்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டாள்.

“வீட்டை விடுறதெண்டு எழுதிக் குடுத்திட்டாயே, அறிவு கெட்டவளே,” என்றாள் கடைசியில். “மாசம் முடிய ஆரோ வந்து ஏறப்போறான். என்னோட வந்து இரு. ஆனால் மிளகாய் வறுத்தால் வெளியில போட்டுடுவன்.”

“உங்களோட இருந்தால் ரெண்டு நாளில ஊர் சிரிக்கும். எனக்கு என்ர வீடு வேணும்.”

வெளியே கார் வந்து நின்றது. ஒட்வார் இறங்கி, பெட்டிகளைத் தூக்கக் கையைத் தேய்த்தான். தவமணி பெட்டிகளைத் தாண்டி வெளியே போய், காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

“நகரசபைக்கு விடு ஒட்வார். பூட்ட முதல் போக வேணும்.”

“அப்ப பெட்டி?”

“பெட்டி எங்கயும் ஓடாது.”

ரயீசா அவசரமாகப் பின்னிருக்கையில் ஏறினாள். “நான் கதைக்கிறன் அவையோட. உனக்கு நோர்வேஜிய மொழி வராது. கந்தோரில வந்து தலை, வால், முள் எண்டுதான் சொல்லப்போறாய்.”

“உங்களுக்கு மட்டும் மந்திரி மாதிரி வருமாக்கும்!”

“எனக்கு உன்னைவிடத் திறம்.”

தவமணி இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“நானே கதைக்கிறன் அக்கா,” என்றாள். “இருபது வருசமா மீனுக்கு விளங்கினது, இவைக்கு விளங்காதோ?”